தென்னைக்கு ஒட்டுக் கட்ட முடியுமா?

‘நாற்றுப் பண்ணையில் ஒட்டுத் தென்னை என்று சொல்லிக் கன்று விற்கிறார்கள். மாங்கன்றில் ஒட்டுக் கட்டிய இடம் தெளிவாகத் தெரிகிறது. தென்னங்கன்றில் அப்படி எதையும் காணோமே, ஏமாற்றுகிறார்களா?’

பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. விலை கொடுத்துக் கன்று வாங்கி, ஐந்தாறு வருடம் தண்ணீர் விட்ட பிறகுதான் காய்ப்பு தெரியும் என்பதால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இதற்கான பதில், தாவரங்கள் எப்படிக் குழு குழுவாகப் பிரிந்திருக்கின்றன என்பதில் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் ‘ஒருவித்திலை, இருவித்திலை’ என்று மனப்பாடம் செய்து பரீட்சையோடு மறந்துபோன அதே விஷயம்தான். ஒட்டுக் கட்டுவதில் தொடங்கி, களைக்கொல்லி வாங்குவது, மரத்தில் ஆணி அடிப்பது வரை இது தோட்டத்துக்குள் வந்து நிற்கிறது.

முதலில் சொல் சிக்கல். தமிழில் ‘ஒட்டு’ என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளைக் குறிக்கிறது. ஒட்டு மா என்றால், ஒரு வேர்ச்செடியின் மேல் வேறொரு ரகத்தின் குச்சியைச் சேர்த்துக் கட்டியது. வீரிய ஒட்டு என்றால், ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தின் பெண் பூவில் சேர்த்து எடுத்த விதை. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் யாரும் கத்தி வைத்து ஒட்டுக் கட்டவில்லை. கம்பையும் நேப்பியரையும் கலந்து எடுத்த புல் அது. தென்னையிலும் இதே கதைதான். நெட்டையையும் குட்டையையும் கலந்து எடுத்ததைத்தான் ஒட்டுத் தென்னை என்கிறார்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நீலேஸ்வரத்தில் 1930களில் இந்தக் கலப்பு வேலை நடந்தது. தஞ்சாவூர் மாவட்டம் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஹெச்.சி. வரிசை ரகங்களும் இப்படிப் பிறந்தவையே.

ஆக, கன்றில் கட்டுப் போட்ட தழும்பைத் தேடிப் பயனில்லை. மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறக் குட்டை ரகம் தாயாக இருந்தால் இலைக்காம்பின் நிறத்தைப் பார்க்கலாம். கலப்பில் பிறந்த கன்றின் காம்பு தாயின் நிறத்தில் இருக்காது. பச்சையும் பழுப்பும் கலந்தாற்போல் இருக்கும். தாயின் நிறத்திலேயே முளைத்த கன்றுகள் கலப்பாகாதவை, நல்ல பண்ணைகளில் அவற்றை ஒதுக்கிவிடுவார்கள். இன்னொன்று, ஒட்டுத் தென்னையின் காயையே விதைக்காய் போட்டால் அடுத்த தலைமுறை அதே குணத்தோடு வராது. வருடா வருடம் நெட்டையையும் குட்டையையும் சேர்த்துத்தான் கன்று எடுக்க வேண்டும். ‘எங்கள் ஒட்டு மரத்துக் காயிலேயே கன்று போட்டுத் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் அங்கேதான் யோசிக்க வேண்டும்.

வைரம் உள்ளேயா, வெளியேயா?

மாவுக்குச் செய்வதைத் தென்னைக்கு ஏன் செய்ய முடியாது? மாமரத்தின் பட்டையை உரித்தால் கட்டையின் மேல் வழுவழுப்பான ஈரப் படலம் கையில் தட்டுப்படும். கேம்பியம் என்பது அதுதான். மரத்தில் ஆயுள் முழுக்க உறங்காத இடம் அது. உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஒட்டுக் கட்டும்போது வேர்ச்செடியின் இந்தப் படலமும் குச்சியின் இந்தப் படலமும் ஒன்றையொன்று தொட வேண்டும். தொட்டால் இரண்டும் வளர்ந்து பின்னிக்கொள்ளும். மா, கொய்யா, எலுமிச்சை, ரோஜா, கத்தரி எல்லாவற்றிலும் இப்படித்தான் ஒட்டு பிடிக்கிறது.

தென்னையில் இந்தப் படலம் கிடையாது. தண்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வளையமும் இல்லை, தனியாக உரியும் பட்டையும் இல்லை. நீரும் உணவும் போகிற நார்க்கற்றைகள் சோற்றுக்குள் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடக்கும். எதை எதோடு சேர்த்துக் கட்டுவது? பனை, பாக்கு, வாழை, மூங்கில், கரும்பு, நெல், மக்காச்சோளம் எல்லாம் இந்த ஒருவித்திலைக் கட்சிதான்.

ஐரோப்பாவில் ஜான் ரே இந்தப் பிரிவினையை 1682ல் நூலாக எழுதினார். விதைக்குள் இருக்கும் இலை ஒன்றா, இரண்டா என்பது அவருடைய கணக்கு. துவரையை உடைத்தால் இரண்டு பருப்பாகப் பிளக்கிறது, அரிசி பிளப்பதில்லை. இவ்வளவுதான் அதன் சாரம். தமிழில் தொல்காப்பியத்தின் மரபியல், விதையைப் பார்க்காமல் கட்டையைப் பார்த்து ஏறக்குறைய அதே இடத்துக்கு முன்பே வந்துவிட்டது. காழ், அதாவது வைரம், வெளியில் இருந்தால் புல். உள்ளே இருந்தால் மரம் என்கிறது அது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை போன்ற சொற்களைப் புல் வகைக்கும், இலை, தளிர், சினை போன்றவற்றை மர வகைக்கும் அந்த நூல் பிரித்துத் தருகிறது. இன்றைக்கும் யாரும் ‘தென்னை இலை’ என்று சொல்வதில்லை.

இது தச்சருக்கும் தெரிந்த கணக்கு. பனையை அறுத்தால் விளிம்பில் இருக்கும் கறுப்புக் கட்டைதான் சட்டத்துக்கு ஆகும். நடுவில் இருப்பது வெறும் சோறு. தேக்கையும் வேங்கையையும் அறுத்தால் நேர் எதிர். நடுவில் இருப்பது வைரம், விளிம்பில் இருக்கும் வெள்ளையைத்தான் பூச்சி முதலில் அரிக்கும்.

தென்னையில் பட்ட காயம் ஆறாது

மாமரத்தில் கிளை வெட்டிய இடத்தைச் சில வருடங்கள் கழித்துப் பார்த்தால், சுற்றிலும் உதடு போலச் சதை வளர்ந்து காயத்தை மூடியிருக்கும். அதுவும் கேம்பியத்தின் வேலை. தென்னைக்கு அந்த வசதி கிடையாது. ஏறுவதற்காக அரிவாளால் கொத்தி வைத்த படி, கம்பி கட்ட அடித்த ஆணி, டிராக்டர் கலப்பை உரசிய இடம் எதுவுமே மூடாது. முப்பது வருடத்துக்கு முன் வெட்டிய படி இன்றைக்கும் அதே ஆழத்தில் அப்படியே இருக்கும். அந்த ஓட்டையில் மழைநீர் தங்கும். அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். மரத்துக்குள் புழு குடைகிற சத்தம் கேட்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தென்னந்தோப்பில் விளம்பரப் பலகை மாட்டவும் வேலிக்கம்பி இழுக்கவும் மரத்தையே தூணாக்குகிற பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. படி வெட்டுவதற்குப் பதில் மரமேறும் கருவி வாங்கிக்கொள்ளலாம்.

தண்டு பருப்பதும் இல்லை. தென்னை முதல் சில வருடங்கள் தரையோடு நின்று குருத்தின் அகலத்தைக் கூட்டிக்கொள்கிறது. தண்டு தரைக்கு மேலே எழும்பிய பிறகு அந்தப் பகுதி என்ன பருமனோ அதுதான் கடைசி வரை. சில மரங்களின் உயரத்தில் ஓர் இடம் மட்டும் இடுப்பு போலச் சிறுத்திருக்கும். அந்தப் பகுதி உருவான காலத்தில் மரம் தண்ணீருக்கோ சத்துக்கோ தவித்தது என்று அர்த்தம். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் சிறுத்த இடம் பருக்காது. புதிதாக மேலே வரும் பகுதிதான் பருமனாக வரும்.

வளரும் மொட்டும் ஒன்றே ஒன்றுதான், அது கொண்டைக்குள் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டபோது இந்த வேறுபாடு கண்ணெதிரே தெரிந்தது. கிளை முறிந்த மாவும் வேம்பும் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். அவற்றின் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் ஏராளம். கொண்டை முறிந்த தென்னைக்கு மறுபிறவி கிடையாது. அது நிற்கிறதே என்று காத்திருந்தால் கூன்வண்டுக்கு வீடு கொடுத்ததாகத்தான் ஆகும். குருத்தழுகலும் காண்டாமிருக வண்டும் தென்னையில் இவ்வளவு பெரிய விஷயமாக இருப்பதும் இதனால்தான். முருங்கையில் ஒரு கிளை போனால் இன்னொன்று வரும், தென்னையில் குருத்து போனால் மரமே போனது.

ஒருவித்திலைத் தாவரங்களுக்கு ஆணிவேர் நிலைக்காது. தென்னையின் தூரிலிருந்து விரல் தடிமனில் ஆயிரக்கணக்கான வேர்கள் கிளம்புகின்றன; பழையது சாகச் சாகப் புதியது வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வேரும் எவ்வளவு நீண்டாலும் பருக்காது. ‘வீட்டுச் சுவரை ஒட்டித் தென்னை வைக்கலாமா?’ என்று கேட்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. அரசும் ஆலும் செய்வதுபோல, பருத்துப் பருத்துச் சுவரைப் பிளக்கும் வேலையைத் தென்னை வேர் செய்யாது. காயும் மட்டையும் தலையில் விழுவதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

பருத்தி இலை சுருண்டது எதனால்?

பணம் அதிகம் கரையும் இடம் களைக்கொல்லி. கடைக்குப் போய் ‘களைக்கு மருந்து கொடுங்க’ என்று கேட்டால் போதாது. வயலில் நிற்கும் களை எந்தக் குழு, பயிர் எந்தக் குழு என்று தெரிந்திருக்க வேண்டும்.

2,4-டி என்ற களைக்கொல்லி 1940களின் நடுவில் புழக்கத்துக்கு வந்தது. செடிக்குள் சுரக்கும் வளர்ச்சி ஊக்கியைப் போல வேஷம் போடுவது இதன் வேலை. அகன்ற இலைக் களைகள், அதாவது இருவித்திலைகள், இதை வாங்கிக்கொண்டு தாறுமாறாக வளர்ந்து, தண்டு முறுக்கி, உணவு போகும் பாதை நசுங்கிச் சாகின்றன. நெல், சோளம், மக்காச்சோளம், கரும்பு பெரிய சேதம் இல்லாமல் தப்பிக்கின்றன. இலை குறுகலாக நிமிர்ந்து நிற்பதால் மருந்து வழிந்துவிடுகிறது. வளரும் நுனி இலை உறைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. உள்ளே போகும் கொஞ்சம் மருந்தையும் அவை சீக்கிரம் சிதைத்துவிடுகின்றன. அதற்காக எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று இல்லை. கதிர் உருவாகும் நேரத்தில் அடித்தால் நெல்லும் பாதிக்கும். லேபிளில் போட்டிருக்கும் நாள் கணக்கைத் தாண்டக் கூடாது.

சிக்கல் பக்கத்து வயலில் இருக்கிறது. 2,4-டி விஷயத்தில் பருத்தியைப் போலத் தொட்டால் சுருங்கும் பயிர் குறைவு. மக்காச்சோளத்தில் அடித்த மருந்தின் துளி காற்றில் வந்து பட்டாலே போதும், புதிதாக வரும் இலை அகலம் சுருங்கி, விரல் விரலாகப் பிரிந்து, நரம்புகள் இணைகோடாக நிற்கும். பார்க்க வெண்டை இலை போல இருக்கும். திராட்சை, தக்காளி, மிளகாய்க்கும் இதே கதிதான். நிறையப் பேர் இதை வைரஸ் என்று நினைத்து, சாறு உறிஞ்சும் பூச்சிக்கு இரண்டு மூன்று முறை மருந்து அடித்துச் செலவை ஏற்றிக்கொள்கிறார்கள். வைரஸ் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கிப் பரவும். மருந்து வீச்சு என்றால் காற்று வந்த பக்கத்து வரப்பில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும், எல்லாச் செடியிலும் ஒரே வயது இலையில் தெரியும். லேசாகப் பட்டிருந்தால் சில வாரங்களில் புது இலைகள் சரியாக வந்துவிடும்.

எஸ்டர் வகை 2,4-டி அடித்து முடித்த பிறகும் ஆவியாகி நகரும். உப்பு வகைகளில் அந்தத் தொல்லை குறைவு. அக்கம்பக்கத்தில் பருத்தி இருந்தால் எஸ்டரைத் தொடாமல் இருப்பதே அயலாருக்குச் செய்யும் நியாயம். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதும் அவசியம். சோளத்துக்கு அடித்த டேங்க்கைத் தண்ணீரில் அலசிவிட்டுப் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்து, வீச்சே இல்லாமல் தன் பயிரைத் தானே கெடுத்துக்கொள்வதும் நடக்கிறது.

எதிர்ப் பக்கத்திலும் இதே தவறு உண்டு. உளுந்து, நிலக்கடலையில் புல்லை மட்டும் கொல்ல குயிசலோபாப் எத்தில் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவை இருவித்திலையைத் தொடாது. ஆனால் கோரையையும் தொடாது. ‘புல்லுக்கு என்று எழுதியிருந்தது, கோரை அப்படியே நிற்கிறது, மருந்து போலி’ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் கோரையின் தண்டை விரலில் உருட்டிப் பார்க்க வேண்டும். உருளாது. மூன்று பட்டையாக முக்கோணமாக இருக்கும். புல்லின் தண்டு உருண்டையாக, கணு வைத்து, கணுக்களுக்கு நடுவே பெரும்பாலும் உள்கூடாக இருக்கும். இரண்டும் ஒருவித்திலைதான், ஆனால் குடும்பம் வேறு. கோரைக்கென்று கரும்பிலும் மக்காச்சோளத்திலும் ஹாலோசல்பியூரான் மெத்தில் பயன்படுகிறது. தரைக்கு அடியில் சங்கிலி சங்கிலியாகக் கிழங்கு இருப்பதால் ஒரு முறையில் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஒரே குடும்பம் என்பதால் 2,4-டி அடித்து அந்தப் புல்லை ஒழிக்க முடியாது. கையால் களை எடுக்கிற பெண்களுக்குக்கூட இளம் பருவத்தில் இரண்டும் குழப்பும். இலையும் உறையும் சேரும் மூட்டை விரித்துப் பார்த்தால் நெல்லில் வெள்ளையாக நாக்கு போன்ற ஒரு சவ்வு நிற்கும். குதிரைவாலியில் அந்த நாக்கு இல்லை.

எல்லாம் பாசி அல்ல

தமிழில் இன்னும் ஒரு பெருந்தன்மையான சொல் ‘பாசி’. (பாசிப்பயறு இந்தக் கணக்கில் சேராது.) குளத்தில் பச்சையாகப் படர்வதும் பாசி, கிணற்றுச் சுவரில் வெல்வெட் போல ஒட்டியிருப்பதும் பாசி, ராமநாதபுரம் கடலோரத்தில் எடுப்பதும் பாசி, தொட்டியில் மாட்டுக்கு வளர்க்கும் அசோலாவும் சிலருக்குப் பாசி. இவை ஒன்றுக்கொன்று வெகு தூரத்துச் சொந்தம்.

கடற்பாசிக்கு வேரோ தண்டோ கிடையாது. வேர் போலத் தெரிவது பாறையைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிதான், உடம்பு முழுவதாலும் அது சத்தை உறிஞ்சுகிறது. சுவரில் இருப்பது மாஸ். அதற்கு இலை போன்ற ஒன்று உண்டு, நீரை மேலேற்றும் குழாய் இல்லை, அதனால் விரல் உயரத்தைத் தாண்டி வளர வழியில்லை. மரத்தில் மாஸ் ஏறியிருந்தால் மரத்தின் சாறை அது குடிப்பதில்லை; நிழலும் ஈரமும் அதிகம் என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம். தென்னந்தண்டில் வெள்ளை வெள்ளையாகப் படையோடு இருக்கும் லைக்கன் தாவரமே அல்ல. பூஞ்சாணமும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் உயிர் அது. அதனால் மரத்துக்குக் கெடுதல் இல்லை, மருந்து அடிக்க வேண்டாம். காளானும் தாவரம் இல்லை. பச்சையம் இல்லாததால் வைக்கோலைத் தின்று இருட்டறையில் வாழ்கிறது. ஆனால் புகையிலைத் தோட்டத்தில் முளைக்கும் புகையிலைக் காளான் பெயரில்தான் காளான். அது பூத்து விதை விடும் இருவித்திலைச் செடி, புகையிலையின் வேரில் ஒட்டிச் சாறு குடிப்பது. பூஞ்சாணக்கொல்லி ஊற்றிப் பயனில்லை. பூ பழுத்து விதை உதிரும் முன் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும்.

அசோலா பெரணி இனம். பெரணிக்கு நீர் ஏறும் குழாய் உண்டு. பூவும் விதையும் இல்லை, தூள் போன்ற வித்துகளால் பெருகும். மலைப் பகுதி நாற்றுப் பண்ணைகளில் பெரணி இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுச் செதில் பூச்சி என்று மருந்து அடிப்பது வழக்கமாக நடக்கும் தவறு. அவை வித்துப் பைகள். வரிசை ஒழுங்காக இருந்தால் வித்து, கன்னாபின்னாவென்று இருந்தால் பூச்சி. அசோலாவில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தருவது பெரணி அல்ல. அதன் இலைப் பொந்துக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப்பாசி பிடித்துத் தருகிறது; அது பாக்டீரியா இனம். தழைச்சத்துக்கு ஆள் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் தொட்டியில் யூரியா போட வேண்டியதில்லை. மணிச்சத்து குறைந்தால்தான் வளர்ச்சி நின்று இலை சிவக்கும். கடும் வெயிலிலும் சிவக்கும் என்பதால் முதலில் நிழலைச் சரிபார்க்கலாம்.

சவுக்கு ஊசியிலை மரமா?

விதை மூடாத் தாவரங்கள் என்று ஒரு குழு உண்டு. கொடைக்கானல் பைன், அழகுக்கு வைக்கும் சைகஸ் அந்த இனம். பழத்துக்குள் மூடாமல் செதிலின் மேல் விதை வெளியே உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டு விவசாயிக்கு இதில் பெரிய வரவு செலவு இல்லை. ஆனால் ஊசி போன்ற இலையையும் கூம்பு போன்ற காயையும் பார்த்துச் சவுக்கை இதில் சேர்த்துவிடுகிறார்கள். சவுக்கு பூக்கும் தாவரம், இருவித்திலை. ஊசி என்று நினைப்பது மெல்லிய கிளை. அதை இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும். கணுவில் பல் பல்லாகத் தெரிகிற சிறு செதில்கள்தான் உண்மையான இலை.

இலை நரம்பை மட்டும் நம்பினாலும் சில பயிர்கள் ஏமாற்றும். சேப்பங்கிழங்கும் வள்ளிக்கிழங்கும் வலை நரம்போடு இருந்தாலும் ஒருவித்திலை. மிளகு, வெற்றிலை, சீத்தா, ஜாதிக்காய், வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றைப் பழைய பாடநூல்கள் இருவித்திலை என்றன. மரபணுவைப் பார்த்து 1998 முதல் செய்துவரும் வகைப்பாட்டில் அவை தனிக் கிளை. ஒட்டுக் கட்டுவதற்கு அதனால் குறை இல்லை, அவற்றுக்கும் கேம்பியம் உண்டு. அல்லி மிகப் பழைய கிளை. ஒரே குளத்தில் அதன் பக்கத்தில் நிற்கும் தாமரைக்கும் அல்லிக்கும் உறவு மிகத் தூரம். தாமரையின் நெருங்கிய சொந்தங்களில் ஒன்று தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்.

சவுக்குக்குத் திரும்பினால், பயறு வகைகளைப் போல அதன் வேரிலும் முடிச்சு உண்டு. உள்ளே இருப்பது ரைசோபியம் அல்ல, பிராங்கியா என்ற வேறு நுண்ணுயிர். உளுந்துக்கு வாங்கிய ரைசோபியம் பாக்கெட்டைச் சவுக்கு நாற்றங்காலில் கலந்தால் முடிச்சு வராது. பிராங்கியா கிடைக்காத இடத்தில், நன்றாக வளர்ந்த நோயில்லாத சவுக்குத் தோப்பிலிருந்து வேர் முடிச்சுகளை எடுத்து, நசுக்கித் தண்ணீரில் கரைத்து நாற்றுகளின் அடியில் ஊற்றலாம்.